எங்கள் லயத்தையும் கோட்டுக்குள் வையுங்கள்

மதிப்புக்குரிய மாவட்ட மன்றத் தலைவருக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், உள்ளூர்த் திட்ட வரைவைத் தயாரித்துவரும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மக்கள் பார்வைக்கு நீங்கள் வைத்திருக்கும் உள்ளூர்த் திட்ட வரைவை இந்த மாதத்தில் இரண்டு முறை வந்து பார்த்தேன். சுவரை அடைத்து மாட்டியிருக்கும் பெரிய வரைபடம். வீடுகளுக்கு ஒரு நிறம், கடைகளுக்கு ஒரு நிறம், தொழிற்பேட்டைக்கு ஒரு நிறம், விவசாயத்துக்குப் பச்சை. எங்கள் தோட்டம் முழுவதும் பச்சையாக இருந்தது. அந்தப் பச்சைக்குள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், 42 வீடுகள் இருக்கின்றன; ஒரு மாரியம்மன் கோவில் இருக்கிறது; பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியும், எங்கள் பெற்றோர் உறங்கும் இடுகாடும் இருக்கின்றன. வரைபடத்தில் இவற்றுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. ஆட்சேபப் படிவத்தை அன்றே நிரப்பிக் கொடுத்துவிட்டேன். சொல்ல வேண்டியது அந்தப் படிவத்தில் அடங்காததால் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் இந்தத் தோட்டத்து ஆபீசில் 31 ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்தவன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டதும், சம்பளப் புத்தகம் எழுதியதும் என் கைதான். நில அளவைக்காரர்கள் வரும்போதெல்லாம் அவர்களோடு நடந்து எல்லைக்கற்களைக் காட்டியவனும் நானே. எந்தக் கல் புற்றுக்குள் மறைந்திருக்கிறது, எந்தக் கல்லைச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வேர் சாய்த்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். எல்லை என்றால் என்ன என்பதை அறிந்தவன் என்ற உரிமையில்தான் பேசுகிறேன்.

முதலில் குப்பை லாரியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் லயத்தை ஒட்டிப் புதிய தாமான் (வீடமைப்புப் பகுதி) ஒன்று எழும்பியிருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்கு லாரி அங்கே வருகிறது. கடைசி வீட்டுக்கு அடுத்து ஒரு மதகு. தார்ச்சாலை அந்த மதகோடு முடிகிறது, அதற்கப்பால் செம்மண். லாரி அங்கே நின்று, பின்புறமாகத் திரும்பிப் போய்விடுகிறது. மதகிலிருந்து எங்கள் முதல் லயத்து வாசல் கூப்பிடு தூரம்தான். லாரியின் சத்தம் எங்கள் குசினிக்குள் கேட்கும். பால்மரம் வெட்டியே வயதாகிப்போன ஒரு பாட்டி, முழங்கால் வலியோடு இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு மதகுவரை நடப்பதை நான் வாரம் இருமுறை பார்க்கிறேன். சில நாள்களில் அவர் போய்ச் சேர்வதற்குள் லாரி போய்விடும். அன்றைய குப்பை லயத்துக்குப் பின்னால் எரியும். அந்தப் புகை தாமானுக்குள்ளும் போகிறது. அங்கிருப்பவர்கள் எங்களைக் குறை சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

லாரி ஓட்டுநரிடம் கேட்டேன். நல்ல மனிதர். “ஐயா, என் வழித்தடம் இந்த மதகோடு முடிகிறது” என்றார். அவர்மீது எந்தத் தவறும் இல்லை. அவருடைய வழித்தடத்தை வரைந்தவர்கள் ஓர் எல்லையைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனம் செலுத்த வேண்டும். உங்கள் வரைபடத்தில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. ஒன்று மன்றத்தின் நிர்வாக எல்லை. அது தோட்டத்தையும் தாண்டி வெகுதூரம் போகிறது. மற்றொன்று குப்பை அள்ளுவது, கால்வாய் தூர்வாருவது, தெருவிளக்கு போடுவது ஆகியவற்றுக்கான சேவை எல்லை. அது மதகோடு நின்றுவிடுகிறது. நாங்கள் முதல் கோட்டுக்கு உள்ளே இருக்கிறோம், இரண்டாவது கோட்டுக்கு வெளியே இருக்கிறோம். அனுமதி இல்லாமல் கூரையை நீட்டினால் முதல் கோட்டின்படி நடவடிக்கை வரும். கால்வாய் அடைத்தால் இரண்டாவது கோட்டின்படி யாரும் வரமாட்டார்கள்.

இந்த இடைவெளி எப்படி வந்தது என்பதை இளைய அதிகாரிகள் அறிய வேண்டும் என்பதற்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு காலத்தில் தோட்டம் தனி உலகம். தண்ணீர், மின்சாரம், டிஸ்பென்சரி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990 அந்தப் பொறுப்பை எழுத்தில் வைத்திருக்கிறது. மன்றம் உள்ளே வரவேண்டிய தேவையே இல்லாமல் இருந்தது. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலத்தில், 1950க்குப் பிறகு, மக்களை இடம்பெயர்த்துக் குடியமர்த்திய புதுக்கிராமங்கள் பக்கத்திலேயே உருவாயின. 1952 உள்ளூர் மன்றச் சட்டத்தின் கீழ் அவற்றில் பல தங்களுக்கென்று மன்றம் அமைத்துக்கொண்டன. தோட்டம் தனியார் நிலம் என்பதால் லயங்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. பிறகு, பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாகப் பிரித்து விற்கும் தோட்டத் துண்டாடல் வந்தது. அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்க, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துண்டாடலைப் பார்த்துத்தான். அதற்குப் பிறகும் நிலம் கைமாறிக்கொண்டேதான் இருக்கிறது. வேலை போனது, நிர்வாகம் போனது, டிஸ்பென்சரி பூட்டப்பட்டது. ஓய்வுபெற்றவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் லயத்திலேயே இருக்கிறார்கள். பொறுப்பைக் கீழே வைத்துவிட்டு நிறுவனம் போய்விட்டது. அதை எடுத்துக்கொள்ள மன்றம் இன்னும் வரவில்லை.

இப்போது வெள்ளத்தைப் பற்றி. தாமான் கட்டியவர்கள் நிலத்தை மேடாக்கிக் கட்டினார்கள். பழைய நாளில் மழைநீர் வயல்பக்கம் ஓடிய பள்ளம் மூடப்பட்டது. தாமானுக்குள் சிமென்டு வடிகால் அழகாக ஓடுகிறது. ஆனால் அது வந்து முடிவது எங்கள் லயத்துக்கு மேலே, ஒரு திறந்த மண்வாய்க்காலில். ஒரு நவம்பர் இரவில் பெய்த மழையில் 7ஆம் எண் வீட்டுக் குசினிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்தது. அரிசி டின் மிதந்தது. பள்ளிச் சீருடையை முறத்தில் வைத்து உயர்த்திப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுப் பெண் விடியும்வரை நின்றார். முன்பெல்லாம் அந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே இல்லை. என் ஆபீஸ் பதிவுகள் எனக்கு நினைவிருக்கின்றன.

அந்த வடிகால் திட்டத்தை யாரிடம் காட்டி அனுமதி கொடுத்தார்கள் என்று விசாரித்தேன். நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் 1976இன்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒரு மேம்பாட்டுக்கு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நிலத்தின் உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆட்சேபிக்க அவருக்கு 21 நாள் உண்டு. தாமானுக்குப் பக்கத்து நிலமான எங்கள் தோட்டத்தின் உரிமையாளர் யார்? கோலாலம்பூரில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு நிறுவனம். நோட்டீஸ் போயிருந்தால் அங்கேதான் போயிருக்கும். மூன்று தலைமுறையாக அந்த மண்ணில் குடியிருப்பவர்களுக்கு நிலப் பட்டா கிடையாது. அதனால் அவர்கள் அண்டைவீட்டுக்காரர்களும் ஆகவில்லை. சட்டத்தை மீறி யாரும் எதுவும் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் அந்தத் தண்ணீர் எங்கள் குசினிக்குள்தான் வந்தது.

ஆகவேதான் உள்ளூர்த் திட்டத்தை நான் இவ்வளவு பெரிதாக எண்ணுகிறேன். திட்ட வரைவுக்குப் பொதுமக்கள் எவரும் ஆட்சேபம் தரலாம், குறைந்தது நான்கு வாரம் அவகாசம் உண்டு, பட்டா தேவையில்லை. எங்களைப் போன்றவர்கள் நுழையக்கூடிய ஒரே கதவு அது.

ஊர் வளர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு வீடு வேண்டும், வேலை வேண்டும். எனக்குக் கவலையெல்லாம் வளரும் விதத்தைப் பற்றித்தான். பட்டணத்திலிருந்து மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு தாமான், நடுவில் செம்பனை, ஒன்பதாவது கிலோமீட்டரில் இன்னொரு தாமான் என்று துள்ளித் துள்ளி அனுமதி கொடுத்தால், லாரி வெறும் சாலையில் எண்ணெயை எரித்துக்கொண்டு ஓட வேண்டும். தண்ணீர்க் குழாய் ஆளில்லாத இடத்தில் புதைந்து கிடக்கும். ஒவ்வொரு தாமானும் தனக்கென்று ஒரு சிறு கழிவுநீர் நிலையம் கட்டிக்கொள்ளும். இப்படித்தான் இந்த நாட்டில் ஆயிரக்கணக்கான சிறு நிலையங்கள் சேர்ந்துபோயின. அவற்றைப் பராமரிக்கும் செலவு இன்றும் தீரவில்லை. ஒட்டியிருக்கும் இடத்தை முதலில் நிரப்பி, சேவையை அங்கே முழுமையாகக் கொடுத்துவிட்டு, அடுத்த இடத்துக்குப் போனால் மன்றத்துக்கும் செலவு குறையும். எங்கள் லயம் பட்டணத்தை ஒட்டியே இருக்கிறது. சேவை எல்லையை எங்கள் லயம்வரை நீட்டினால் அது வீண்செலவாகாது.

“தனியார் நிலத்தில் பொதுப் பணத்தைச் செலவழிக்க முடியாது” என்ற பதிலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இதை அலட்சியமாகத் தள்ள மாட்டேன். கணக்கு எழுதியவன் என்ற முறையில் அந்தக் கட்டுப்பாட்டின் தேவை எனக்குப் புரிகிறது. ஆனால் குப்பை அள்ள நிலம் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. மதகுக்கு இந்தப் பக்கம் சாலை ஒதுக்கீட்டில் பெரிய தொட்டி ஒன்று வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். லயத்துச் சாலையையும் வாய்க்காலையும் அரசிடம் ஒப்படைக்கும்படி நிறுவனத்தோடு பேசலாம். அந்த நிறுவனம் அடுத்த துண்டு நிலத்துக்கு மேம்பாட்டு அனுமதி கேட்டு உங்களிடம்தானே வரவேண்டும்? அப்போது இதை நிபந்தனையாக வையுங்கள். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்தை விற்கவோ பிரிக்கவோ தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலைக் கேட்கும் நாளிலேயே லயங்களின் கதி என்ன என்று மன்றம் ஒரு கடிதம் எழுதினால் போதும். கைமாறிய பிறகு எழுதும் நூறு கடிதத்துக்கு அது சமம்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சேவை வந்தால் மதிப்பீட்டு வரியும் வரும் என்று லயத்துக் கூட்டத்தில் சிலர் அஞ்சினார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எங்கள் வீட்டின் ஆண்டு மதிப்புக்கு ஏற்றபடி, கட்டத் தயார் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். தாமான்காரர்கள் கட்டுவதுபோல நாங்களும் ரசீது வாங்கிக்கொள்கிறோம். ரசீது கையில் இருந்தால், லாரி ஏன் வரவில்லை என்று கேட்க எங்களுக்கும் வாய் திறக்கும்.

இன்னொன்று. ஒவ்வொரு மன்ற உறுப்பினருக்கும் ஒரு வட்டாரம் பிரித்துக் கொடுத்திருக்கிறீர்கள். எங்கள் லயத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டபோது இருவர் பெயர் சொன்னார்கள். இருவருமே தங்கள் வட்டாரம் மதகோடு முடிகிறது என்றார்கள். 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் தேர்தல் தொடர வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆனால் உள்ளாட்சிச் சட்டம் 1976 வேறு வழியில் போனது. அந்தச் சட்டத்தின்படி மாநில அரசு 8 முதல் 24 பேர்வரை நியமிக்கலாம். வாக்குச்சீட்டு எங்கள் கையில் இல்லாதபோது, பெயர் சொல்லி அழைக்க ஓர் உறுப்பினராவது எங்களுக்கு இருக்க வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம், உங்கள் அடுத்த கூட்டத்தில் ஒரு வரி எழுதினால் போதும்.

நான் கேட்பது இவ்வளவுதான். இறுதித் திட்டத்தில் லயம், கோவில், பள்ளி, இடுகாடு நான்கையும் சேர்த்து ஒரே குடியிருப்பாகக் குறியுங்கள். அதைச் சேவை எல்லைக்குள் கொண்டுவரும் ஆண்டையும் அங்கேயே எழுதுங்கள். எல்லை விரிவு மாநில அரசின் அறிவிப்பால்தான் நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த அறிவிப்புக்கான பரிந்துரை உங்கள் மேசையிலிருந்துதான் போக வேண்டும். தாமான் வடிகாலை ஆற்றுவரை கொண்டுபோய்ச் சேர்க்காமல், அந்தப் பக்கத்தில் இன்னொரு கட்டுமானத்துக்கு அனுமதி தராதீர்கள்.

ஆட்சேப விசாரணைக்கு என்னை அழைத்தால் கட்டாயம் வருவேன். அதற்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லாரி வரும் நேரத்தில், உங்கள் திட்ட அதிகாரி ஒருவரை மதகுக்கு அனுப்பிவையுங்கள். பழைய தோட்ட வரைபடத்தின் நகல் ஒன்று என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நீர்ப் பள்ளம் ஓடிய இடத்தையும், ஒவ்வொரு எல்லைக்கல்லையும் நடந்தே காட்டுகிறேன்.

பணிவுடன்,
ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி ஒருவர்,
பேராக், மலேசியா