எத்தனை வாரம் ஆச்சு என்று கேட்க வேண்டாம், மாஸ்டர்

திருநெல்வேலிச் சீமையில் போலீஸ் தேர்வுக்கும் மிலிட்டரிக்கும் பிள்ளைகளை ஓட வைக்கும் மாஸ்டர்களுக்கு,

வணக்கம். உங்களில் சிலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். பாளையங்கோட்டையில் விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஓடிக்கொண்டிருந்த கூட்டத்தில் நானும் ஒருத்தன். இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். காக்கிச்சட்டை கிடைக்கவில்லை என்று அழ இதை எழுதவில்லை. எலும்பில் கீறல் விட்டுத் திரும்பி வருகிற பையனை நீங்கள் எப்படி ஓட விடுகிறீர்கள் என்பதைப் பற்றி மட்டும் பேச வேண்டும்.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிடம். அதாவது கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி. வருஷம் பூராவும் ஓடுகிறவனுக்கு இது பெரிய விஷயமே இல்லை. ஆனால் நாங்கள் எழுத்துத் தேர்வு முடிகிற வரை குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து படித்தவர்கள். ரிசல்ட் வந்த மறுநாள் தேய்ந்த கேன்வாஸைப் போட்டுக்கொண்டு தார்ரோட்டில் இறங்கினோம். பிசிக்கலுக்கு நாள் குறைவு என்று காலையில் எட்டு ரவுண்டு, சாயங்காலம் எட்டு ரவுண்டு.

மூன்றாவது வாரம் வலது கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, உள்பக்கமாக வலி. முதலில் ஓட்டத்தின் கடைசியில் மட்டும். அப்புறம் ஓட ஆரம்பித்ததுமே. அப்புறம் மாடிப்படி இறங்கும்போது. கடைசியில் ராத்திரி பாயில் படுத்த பிறகும். பெருவிரலால் எலும்பைத் தடவிக்கொண்டே வந்தால் ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் உயிர் போகும். அதற்கு மேலேயும் கீழேயும் ஒன்றும் இருக்காது. கால் நெடுக வலித்தால் அது தசையும் எலும்பைப் போர்த்திய சவ்வும் பண்ணுகிற சேட்டையாக இருக்கலாம். ஒரே புள்ளியில் வலித்தால் எலும்பைச் சந்தேகப்பட வேண்டும். இது அப்போது எனக்கும் தெரியாது, என் மாஸ்டருக்கும் தெரியாது. “சோம்பேறிக் கால்லே உனக்கு” என்றார். தைலம் போட்டு உருவிவிட ஆள் காட்டினார். பெயர் வேண்டாம், நல்ல மனுஷன். எக்ஸ்-ரேயில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் அவர் சொன்னதுதான் சரி என்று நானே நம்பிவிட்டேன். முதல் இரண்டு மூன்று வாரம் இந்தக் கீறல் எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும். அந்தச் செலவுக்கு வீட்டில் காசு கேட்க எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆனது.

சோம்பேறிகளுக்கு வருகிற நோய் இல்லை இது, மாஸ்டர். இதை முதலில் எழுதி வைத்தவர் பிரைட்ஹவுப்ட் என்ற பிரஷ்யப் படை மருத்துவர். 1855-இல், அணிவகுத்து நடந்து நடந்தே பாதம் வீங்கிய சிப்பாய்களைப் பார்த்து எழுதினார். எக்ஸ்-ரே கண்டுபிடித்ததே 1895-இல்தான். அதற்கு நாற்பது வருஷம் முன்னாலேயே சிப்பாய்களின் கால் சொல்லிவிட்ட விஷயம் இது.

சரி, நான் சொல்ல வந்தது இதற்கு அப்புறம் நடந்தது. எம்.ஆர்.ஐ.யில் கீறல் தெரிந்ததும் டாக்டர் ஆறு வாரம் ஓடக் கூடாது என்றார். ஓடவில்லை. ஏழாவது வாரம் கிரவுண்டுக்குப் போனேன். “எத்தனை வாரம் ஆச்சு?” “ஆறு முடிஞ்சிட்டு மாஸ்டர்.” “அப்போ லைன்ல நில்லு.” அன்றைக்கே 1500 டிரையல். 7 நிமிடம் 20 விநாடி. எனக்கே பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலையில் பாத்ரூம் படியில் வலது காலை ஊன்ற முடியவில்லை. இன்னும் இரண்டரை மாதம் வீட்டில். அந்த வருஷத் தேர்வும் போனது.

எலும்பு வேலை கொத்தனார் வேலை மாதிரி. ஓட ஓட உடம்பு பழைய எலும்பைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதுசு பூசுகிறது. கொத்தி எடுக்கச் சில வாரம் போதும்; பூசிக் காய மாதக்கணக்கு ஆகும். நடுவில் சுவர் மெலிந்து நிற்கும்போது அதன் மேல் ஏறிக் குதித்தால் விரியத்தான் செய்யும். மூச்சும் தசையும் சீக்கிரம் திரும்பிவிடுகின்றன. பையன் ஜோராக ஓடுகிறான் என்று உங்களுக்குத் தோன்றும், அவனுக்கும் தோன்றும். எலும்பு மட்டும் பின்தங்கியிருக்கும்.

இரண்டாம் தடவை பாளையங்கால்வாய்க் கரையில் ஆரம்பித்தேன். மண்பாதை, ஆள் நடமாட்டம் குறைவு, டைமிங் கேட்க ஆள் கிடையாது. முதல் பத்து நாள் நடை மட்டும். முக்கால் மணி நேரம் விறுவிறுவென்று நடந்தும் வலி இல்லை என்ற பிறகே ஓட்டம்: 1 நிமிடம் ஓடி 4 நிமிடம் நடப்பது, ஆறு தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆடு மேய்க்கிற ஆச்சி ஒருத்தி இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டேவிட்டாள்: “என்னய்யா, ஓடுத, நிக்க, ஓடுத, நிக்க? யாரும் தொரத்துதாவளா?” மறுநாள் காலையில் எழுந்ததும் அந்தக் காசு அளவு இடத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பேன். நோவு இருந்தால் முந்தின படிக்கே திரும்பிவிடுவேன். இரண்டு தடவை அப்படித் திரும்பினேன். நிற்காமல் இருபது நிமிடம் ஓட எனக்கு எட்டு வாரம் பிடித்தது. நீளம் கூடிய பிறகுதான் வேகம், வேகத்துக்கு அப்புறம்தான் தாண்டுவது. நீங்கள் லாங் ஜம்ப்பையும் 400 மீட்டரையும் முதல் வாரமே சேர்த்துவிடுகிறீர்கள்.

அதனால் கேட்கிறேன். திரும்பி வருகிறவனிடம் வாரக்கணக்கு கேட்காமல், நடந்தால் வலிக்கிறதா, அழுத்தினால் வலிக்கிறதா, மறுநாள் எப்படி இருந்தது என்று கேளுங்கள். வலி மாத்திரையைப் போட்டுவிட்டு ஓடச் சொல்லாதீர்கள். அது வலியை மறைக்கும், கீறலை மூடாது. கணுக்கால் பக்கத்து வலி ஒரு பக்கம் இருக்கட்டும், தொடை இடுக்கில் ஆழமாக வலி என்று ஒருத்தன் சொன்னால் ஒரு ரவுண்டுகூட வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் அனுப்புங்கள். இடுப்பெலும்புப் பக்கத்துக் கீறல் முழுசாக முறிந்தால் ஆபரேஷன் வரை போகும்.

தங்கச்சிமார் விஷயம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். எடை குறைய வேண்டும் என்று காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடுகிற பிள்ளைகளுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகலாம், நின்றும் போகலாம். எலும்பும் மெலியலாம் என்பதற்கு அது எச்சரிக்கை. உங்களிடம் சொல்ல மாட்டார்கள். பயிற்சிக்கு ஒரு பெண் மாஸ்டர் இருந்தால் அவரிடம் சொல்வார்கள். நம் ஊரில் வயசுக்கு வந்த பிள்ளைக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கொடுத்தவர்கள் விவரம் இல்லாதவர்கள் இல்லை. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் நம் வீட்டுச் சாப்பாடுதானே? எள்ளில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து கொஞ்சநஞ்சம் இல்லை. வயிற்றைக் காயப்போட்டு ஓடுகிற பிள்ளையை முதலில் சாப்பிட வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கால்வாய்க் கரையில்தான் இருப்பேன். உங்கள் பேட்ச்சில் கால் ஆறித் திரும்புகிற பையன் யாராவது இருந்தால், லைனில் நிறுத்தாமல் ஒரு மாதம் என்னோடு அனுப்பி வையுங்கள். ஓடி, நின்று, ஓடி, நிற்கத் தனியாக ஒருத்தனுக்கு வெட்கமாக இருக்கும். ஆச்சிக்குப் பதில் சொல்ல எனக்கும் ஒரு துணை வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய பேட்ச் பையன் ஒருத்தன்