ஒரு கை உப்பு

செயின்ட் பால், மினசோட்டா
28 நவம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். போனில் பேசினால் "சாப்பிட்டியா, குளிருதா"வோடு முடிந்துவிடுகிறது. நேற்று நடந்ததை நீ முழுசாகக் கேட்க வேண்டும், அதனால்தான் எழுதுகிறேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்.

நேற்று இங்கே தேங்க்ஸ்கிவிங். இதற்கு நாள் நட்சத்திரம் பார்ப்பார்களா என்று போன வருஷம் கேட்டாயே, பஞ்சாங்கமெல்லாம் கிடையாது. நவம்பரில் நான்காவது வியாழன், அவ்வளவுதான். ஆனால் அதற்கும் ஒரு சண்டை நடந்திருக்கிறது. 1939-இல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், கடைக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் வியாபார நாள் கூடட்டும் என்று பண்டிகையை ஒரு வாரம் முன்னால் தள்ளினார். சில மாநிலங்கள் புது வியாழனில் கொண்டாட, மற்றவை பழைய வியாழனை விடவில்லை. வாக்கியமா திருக்கணிதமா என்று நம் பக்கம் இழுபறி நடக்குமே, அதே கதை. 1941-இல் சட்டம் போட்டுத்தான் தீர்த்திருக்கிறார்கள்.

எதிர்வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, வருஷா வருஷம் ஏழு கிலோ வான்கோழியை முழுசாகச் சுட்டு எங்களைக் கூப்பிடுவார். இந்த முறை வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டு. அவ்வளவு கனத்தை ஓவனிலிருந்து ஒற்றைக் கையால் எப்படி இறக்குவது? "முழுப் பறவை வேண்டாம், நெஞ்சுக்கறி மட்டும் வாங்கி ஹாட்டிஷ் செய்துவிடுவோம், நீ செய், நான் சொல்கிறேன்" என்றார். இந்த அடுக்குப் பலகாரத்துக்கு மற்ற ஊர்களில் கேசரோல் என்று பேர். இங்கே அப்படிச் சொன்னால் வெளியூர்க்காரி என்று தெரிந்துவிடும்.

சாதாரணமாக இதைப் பண்டிகைக்கு மறுநாள்தான் செய்வார்கள். மிஞ்சின கறி, மிஞ்சின பீன்ஸ், மிஞ்சின ஸ்டஃபிங் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் அடுக்கிச் சுட்டுவிடுவது. கேட்டதும் பொங்கலுக்கு மறுநாள் நீ வைக்கும் சுண்டக்கறி ஞாபகம்தான் வந்தது. நான் அதைப் பாட்டியிடம் விளக்கினேன். "எத்தனை நாள் கொதிக்க வைப்பீர்கள்?" என்று கேட்டார். மூன்று நாள் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

உறைந்த கறியைத் திங்கட்கிழமையே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் எடுத்து வைத்துவிட்டேன். நாலைந்து பவுண்டுக்கு ஒரு முழு நாள் என்பது கணக்கு. புதன் சாயங்காலம் வேகவைத்து, உள்ளே கம்பியைச் செருகி 165 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியபிறகுதான் வெளியே எடுக்கவிட்டார். நீ கிள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவாய்.

ஸ்டஃபிங் என்பது ரொட்டி. காய்ந்த ரொட்டித் துண்டுகளை வெண்ணெயில் வதக்கின வெங்காயம், செலரி, கோழிச்சாறு விட்டுப் பிசறுவது. பறவையின் வயிற்றுக்குள் திணித்ததால் அந்தப் பேர். அதில் சேஜ் என்று ஒரு இலை போடுகிறார்கள். கற்பூரவல்லியை வெயிலில் காயவைத்துக் கசக்கினால் வரும் வாசனைக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும். பெட்டியில் வரும் ஸ்டவ் டாப் ஸ்டஃபிங் 1972-இல் கடைக்கு வந்ததாம். பாட்டியின் மாமியார் அதைக் கடைசிவரை வீட்டுக்குள் விடவே இல்லையாம். பாட்டி மட்டும் மாமியார் போனபிறகு வாங்க ஆரம்பித்திருக்கிறார். நாங்கள் நேற்றுப் போட்டதும் பெட்டிதான்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். பெட்டி ரொட்டியில் உப்பு, டின் காளான் சூப்பில் உப்பு, கோழிச்சாற்றில் உப்பு. எல்லாம் தெரியும். ஆனாலும் சூப்போடு புளித்த கிரீமைக் கலக்கும்போது என் கை தானாக உப்பு டப்பாவுக்குப் போய் ஒரு பிடி போட்டுவிட்டது. உன்னிடம் படித்த கை. நாக்கில் வைத்துப் பார்த்தால் கடல் தண்ணீர். கறியையும் பிய்த்து அதிலேயே கலந்தாகிவிட்டது, கடைகளும் முக்கால்வாசி அடைப்பு.

பாட்டி ஸ்டூலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் உருளைக்கிழங்கு இருக்கிறதா என்று கேட்டேன். குழம்பில் உப்புக் கூடினால் நீ கிழங்கு வெட்டிப் போடுவாயே! பெரிதாக ஆறு கிழங்கை உப்பே இல்லாமல் அவித்து, பால் விட்டு மசித்தேன். சூப்பில் பாதியை எடுத்துக் கொட்டிவிட்டுப் பாலை ஊற்றினேன். கண்ணாடித் தட்டில் அடியில் கறி, அதன்மேல் பீன்ஸ், அதன்மேல் உருளைக்கிழங்கைக் கரண்டியின் முதுகால் மெழுகி, கடைசியில் ஸ்டஃபிங். 350 டிகிரியில் மூடி அரை மணி, திறந்து கால் மணி. மேல் ரொட்டி பொரிந்து முறுமுறு என்று வந்தது, ஓரத்தில் சூப் கொப்புளம் விட்டுக் கருகியிருந்தது. அந்தக் கருகலை உன் பேரன் சுரண்டித் தின்றான்.

சாப்பிடும்போது பாட்டி ஒரு வாய் வைத்துவிட்டு, "உருளைக்கிழங்கு என் செய்முறையில் கிடையாதே" என்றார். நடந்ததைச் சொன்னேன். சிரிக்கவில்லை, தன் செய்முறைச் சீட்டை எடுத்து, வலது கையில் கட்டு என்பதால் இடது கையால் கோணல்மாணலாக 'உருளைக்கிழங்கு, உப்பில்லாமல்' என்று எழுதிக்கொண்டார். உன் மருமகன் மட்டும் எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார். அவருக்கு உப்புக் கூடினது தெரியவே இல்லை.

நாலரைக்கே இருட்டிவிட்டது. பாதித் தட்டு மிச்சம், இன்று மத்தியானமும் அதுதான்.

அண்ணன் டிசம்பரில் யாரோ வருகிறார்கள் என்றானே, அவர்களிடம் மணத்தக்காளி வத்தல் கொஞ்சம் கொடுத்துவிடு. உப்புப் போடாத வத்தலாகப் பார். மதினியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மகள்