அறுவை சிகிச்சை பெற்ற குழந்தைகளின் பெற்றோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பிறவிக் குறைபாடுகளுக்கும் குழந்தைகளுக்கு வரும் அரிய கட்டிகளுக்கும் அறுவை சிகிச்சை செய்யும் திறமை நம் மாநிலத்து அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறது. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் நம் பிள்ளைகள் பலர் உயிர் மீண்டு வந்திருக்கிறார்கள். ஆனால் குழந்தை அறுவை அரங்கை அடைவதற்கு முந்திய நாட்களிலும், வீடு திரும்பிய பிந்திய மாதங்களிலும்தான் பல குடும்பங்கள் திசை தெரியாமல் நிற்கின்றன. எனவே சங்கத்தின் உழைப்பையும் நிதியையும் இந்த இரண்டு கட்டங்களில் மட்டும் செலவிடுவது என்று செயற்குழு முடிவு செய்து, அதன்படியே இவ்வாண்டு நடந்துகொண்டது.

முதல் கட்டத்தில் எங்களை மிகவும் வருத்தியது பித்தநாள அடைப்பு. பிறந்து இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் காமாலை தெளியாமல், மலம் சுண்ணாம்பைப் போல வெளுத்தும் சிறுநீர் அடர்மஞ்சளாகவும் போகும் குழந்தைக்கு ஈரலிலிருந்து பித்தம் குடலுக்கு இறங்கவில்லை என்று சந்தேகித்து உடனே இரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். 1950களில் ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் வகுத்த முறைப்படி, குடலின் ஒரு பகுதியை ஈரலின் வாயிலோடு நேரே இணைத்துப் பித்தத்துக்கு வழி செய்கிறார்கள். இந்த அறுவை பிறந்து 60 நாட்களுக்குள் நடந்தால்தான் பலன் கூடுதல். பின்னாளில் ஈரல் மாற்றம் தேவைப்படும் குழந்தைகளும் உண்டு என்றாலும், அந்த நாள்வரை வளர்வதற்கு இதுவே அவகாசம் தருகிறது. இவ்வாண்டு நம்மிடம் வந்த ஒரு தாய், உள்ளூர் மருத்துவர் ஒருவர் "வெயிலில் காட்டுங்கள், தானாக இறங்கிவிடும்" என்று சொன்னதை நம்பி, விலைமதிப்பற்ற வாரங்களை இழந்திருந்தார். தைவான் நாட்டில் மலத்தின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வண்ண அட்டையை 2004 முதல் எல்லாத் தாய்மாருக்கும் கொடுக்கிறார்கள். அதை முன்மாதிரியாகக் கொண்டு நாமும் ஓர் அட்டை அச்சிட்டு, குழந்தைகள் நல மருத்துவர்களிடம் காட்டிச் சரிபார்த்து, கிராம சுகாதார செவிலியர்கள் வழியாகப் பிரசவித்த வீடுகளுக்குக் கொடுத்தோம். அட்டையைப் பார்த்துவிட்டு அழைத்தவர்களில் பெரும்பாலோரின் குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை என்பது தெரிந்தது. அந்த அழைப்புகள் வீண் என்று யாரும் எண்ண வேண்டாம்.

ஆசனவாய் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளின் பெற்றோரே நம் உறுப்பினர்களில் அதிகம். ஏறத்தாழ 5,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் வரும் இக்குறைபாட்டுக்கு, பெரும்பாலும் முதலில் வயிற்றில் குடலைத் திறந்து மலம் போக வழி செய்கிறார்கள். சில மாதங்கள் கழித்துப் புதிய ஆசனவாய் அமைக்கிறார்கள். பிறகு வயிற்றுத் திறப்பை மூடுகிறார்கள். மெக்சிகோவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் அல்பெர்த்தோ பேன்யா 1980இல் தொடங்கிய முறை, தசைகளின் நட்டநடுவே வழி அமைத்து மலத்தை அடக்கும் ஆற்றலை இயன்றவரை காக்கிறது. ஆனால் அறுவை முடிந்து இரண்டு வாரத்திலிருந்து, நாளுக்கு இருமுறை, உலோகக் கோல் கொண்டு அந்த வழியைப் பெற்றோரே விரித்துவர வேண்டும். மருத்துவர் சொல்லும் அளவு வரும்வரை வாரந்தோறும் கோலின் தடிமனைக் கூட்ட வேண்டும். குழந்தை அழுகிறதே என்று மனம் பொறுக்காமல் நிறுத்திவிட்டால் வழி சுருங்கி, மறுபடி அறுவை தேவைப்படலாம்.

இதற்காக மாதக் கூட்டத்தில் மூத்த தாய்மார் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கினோம். வயிற்றுத் திறப்பில் மலம் சேர ஒட்டும் பையை வாங்க வசதியில்லாத வீட்டில் பழைய வேட்டியைத் துவைத்துக் காயவைத்து நான்காக மடித்து, திறப்பைச் சுற்றி துத்தநாகக் களிம்பைக் கனமாகப் பூசி, தோல் வெந்துபோகாமல் கட்டுவது எப்படி என்று ஓர் அம்மா தன் மகனின் வயிற்றிலேயே செய்துகாட்டினார். பார்த்துக்கொண்டிருந்த இளம் தகப்பன் ஒருவர், "இதை ஆஸ்பத்திரியில் சொன்னபோது என் காதில் ஏறவே இல்லை அக்கா" என்றார். ஆண்டு முழுவதும் செய்த வேலைகளில் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது இதுவே.

கட்டிகளைப் பொறுத்தவரை, வால் எலும்பருகே கட்டியோடு பிறக்கும் குழந்தைகளுக்குக் கட்டியோடு வால் எலும்பையும் சேர்த்து அகற்றினால்தான் அது திரும்ப வரும் வாய்ப்புக் குறையும்; அகற்றிய பின்னும் சில ஆண்டுகள் கட்டி திரும்ப வருகிறதா என்று அறிய, இரத்தத்தில் ஏஎஃப்பி என்ற புரதத்தின் அளவைப் பார்த்துவர வேண்டும். பிள்ளை ஓடியாடி விளையாடுவதைக் கண்டதும் ரிவ்யூ தேதி மறந்துபோவது இயல்பு. ஆகவே தேதிக்கு முந்திய வாரம் தொலைபேசியில் நினைவூட்டும் பொறுப்பைத் துணைச் செயலாளர் ஏற்று, ஒருவரையும் விடாமல் செய்துவருகிறார்.

சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் என்ற புற்றுநோய்க் கட்டியைப் பெரும்பாலும் குளிப்பாட்டும்போது தாய்மாரே கண்டுபிடிக்கிறார்கள். வயிற்றின் ஒரு பக்கம் கட்டி தட்டுப்பட்டால் அதை ஆளுக்கு ஆள் அழுத்திப் பார்க்கக் கூடாது. உள்ளே கட்டி கிழியும் அபாயம் உண்டு. வசதி மிகுந்த நாடுகளில் இக்கட்டி வந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். நம் நாட்டில் அந்த அளவை எட்ட முடியாமைக்கு ஒரு முக்கியக் காரணம், கீமோதெரபியைப் பாதியில் விடுவது. மருந்து காப்பீட்டில் கிடைத்துவிடுகிறது. கூலி இழப்பும், தங்கும் செலவும், வீட்டிலிருக்கும் மற்ற பிள்ளைகளைப் பற்றிய கவலையும்தான் குடும்பத்தைத் திருப்பி இழுக்கின்றன. நிதியின் பெரும்பகுதியைப் பயணத்துக்கும் தங்குவதற்கும் ஒதுக்கியதன் காரணம் இதுதான். புற்றுநோய் சிகிச்சைக்குச் செல்வோருக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இரயில் கட்டணச் சலுகை உண்டு என்பதையும், அதற்கு மருத்துவமனைச் சான்று வேண்டும் என்பதையும் உறுப்பினர்கள் மற்றவர்களுக்கும் எடுத்துச்சொல்ல வேண்டும்.

கிரகணத்தில் வெளியே வந்ததால்தான் இப்படிப் பிறந்தது என்று தாயைப் பழிக்கும் பேச்சு இன்னும் ஓயவில்லை. அதில் சிறிதும் உண்மையில்லை. இந்த மேடையிலிருந்து அதை உறுதியாகச் சொல்வது என் கடமை. முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கும் குறைபாட்டைப் பெருமளவு தடுப்பது கருத்தரிக்கும் முன்பே தொடங்கும் ஃபோலிக் அமில மாத்திரை. முன்பு அவ்வாறு குழந்தை பிறந்த தாய்மார் மருத்துவரைக் கேட்டு அதை அதிக அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரும் ஆண்டில் நிற அட்டையைத் தனியார் மகப்பேறு மருத்துவமனைகளுக்கும் கொண்டுசெல்லவும், உலோகக் கோல்களை வாங்கிவைத்து, முறையாகச் சுத்தம் செய்து இரவல் கொடுக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இவ்விரு பரிந்துரைகளோடு இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்