டயருக்கும் அந்த மூன்று எண்களைக் கேட்கிறேன்

எரிசக்தித் திறன் பணியகத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு கிருத்திகையன்றும் மயூர் விகாரிலிருந்து ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்கு என் மின்சார காரில் வருகிறேன். எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த இரண்டு பாட்டிமார்களும் உடன் வருவார்கள். கோயிலில் இருந்து திரும்பும்போது உங்கள் அலுவலகம் இருக்கும் சேவா பவனைப் பலமுறை கடந்திருக்கிறேன். தில்லியில் முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். கார் டயர் உருளும்போது எவ்வளவு சக்தியைத் தின்னும், ஈரத் தரையை எவ்வளவு பிடிக்கும், எவ்வளவு இரைச்சல் போடும் என்ற மூன்று எண்களும் வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். நீங்கள் நினைத்தால் தீர்த்துவைக்கக் கூடிய இந்தக் காரியத்துக்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். 2006-இல் நீங்கள் நட்சத்திர முத்திரையைத் தொடங்கினீர்கள். 2010-இல் அறைக் குளிர்சாதனங்களுக்கும் உறைபனி படியாத குளிர்பதனப் பெட்டிகளுக்கும் அதைக் கட்டாயமாக்கினீர்கள். அதன் பிறகுதான் என்னைப் போன்றவர்களுக்குக் கடைக்காரரிடம் கேள்வி கேட்கும் தைரியம் வந்தது. எத்தனை நட்சத்திரம், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று கேட்போம். அவரும் முத்திரையைக் காட்டிப் பதில் சொல்வார். சென்ற ஆண்டு என் காருக்கு டயர் மாற்றப் போனபோது இதே கேள்வியைக் கேட்டேன். பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

காரோடு வந்த டயர்கள் 34,000 கிலோமீட்டரில் தேய்ந்துவிட்டன. பள்ளங்களுக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் வைத்திருப்பார்கள். ரப்பர் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். கரோல் பாக் பக்கம் மூன்று கடைகள், லட்சுமி நகரில் ஒரு கடை ஏறி இறங்கினேன். எங்கும் என்னிடம் கேட்ட கேள்விகள் இரண்டுதான்: எந்த கம்பெனி, எவ்வளவு விலைக்குள்? இந்த டயர் உருளும்போது எவ்வளவு சக்தியைத் தின்னும் என்று நான் கேட்டேன். "எல்லாம் ஒன்றுதான் அம்மா, காற்றைச் சரியாக வைத்துக்கொண்டால் போதும்" என்றார் ஒருவர். நல்ல மனிதர், தேநீர் வாங்கிக் கொடுத்தார். தெரிந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அவருக்குத் தெரிவதற்கு ஒரு வழியும் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

எல்லாம் ஒன்றல்ல. டயர் தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி மீண்டும் நிமிர்கிறது. நசுக்கக் கொடுத்த சக்தி முழுவதும் நிமிரும்போது திரும்பி வருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிப் போய்விடுகிறது. இதைத்தான் உருளல் தடை என்கிறோம். ஐரோப்பாவின் டயர் முத்திரை ஒரு டன் சுமைக்கு இத்தனை கிலோ இழுவிசை என்று இதை அளந்து ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறது. முதல் வகுப்பான ஏ, 6.5 அல்லது அதற்குக் கீழ். கடைசி வகுப்பான இ, 10.6 அல்லது அதற்கு மேல்.

என் கார் ஆட்களோடு சேர்ந்து சுமார் 1,700 கிலோ. ஒரு டன்னுக்கு 7 கிலோ தடை உள்ள டயரில் நூறு கிலோமீட்டர் ஓட, டயருக்கு மட்டும் 3.2 யூனிட் போகிறது. 10.5 கிலோ தடை உள்ள டயரில் அதே தூரத்துக்கு 4.9 யூனிட். வித்தியாசம் ஏறத்தாழ 1.6 யூனிட். நூறு கிலோமீட்டருக்கு 14 யூனிட்டில் ஓடும் காருக்கு இது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். 30 யூனிட் பேட்டரி உள்ள வண்டியில் ஒரு சார்ஜுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் குறையும். பத்தாம் வகுப்புப் பிள்ளை போடக் கூடிய கணக்குதான் இது. ஆனால் கணக்கின் முதல் வரிக்குத் தேவையான எண் கடையில் கிடைப்பதில்லை.

பெட்ரோல் காரிலும் இந்த இழப்பு உண்டு. ஆனால் அங்கே எரிபொருளின் பெரும்பகுதி எஞ்சினின் வெப்பமாகவே போய்விடுவதால் டயர் தின்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. மின்சார காரில் மோட்டார் வீணாக்குவது சொற்பம். பிரேக் பிடிக்கும்போது போகும் சக்தியிலும் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பிவிடுகிறது. மிச்சம் நிற்பவை காற்றின் தடையும் டயரின் தடையும். நகரத்துக்குள் மெதுவாக ஓட்டும் என் போன்றவர்களுக்கு டயர்தான் பெரிய செலவாளி.

கடைசியில், லட்சம் கிலோமீட்டர் உழைக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு டயரைப் போட்டுக்கொண்டு வந்தேன். என் குறிப்பேட்டில் நூறு கிலோமீட்டருக்கு 14.1 என்று இருந்த கணக்கு 15.9 ஆனது. முழுப் பழியையும் அந்த டயர் மேல் போட மாட்டேன். புதிய டயரில் ரப்பர் தடிமனாக இருக்கும், அதிகம் நெளியும். தேய்ந்த பழைய டயர் அதைவிட லேசாக உருளும். ஆகவே அதே டயரைத் திரும்ப வாங்கியிருந்தாலும் தொடக்கத்தில் கொஞ்சம் கூடியிருக்கும். அது எவ்வளவு, என் தேர்வால் இழந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க என்னிடம் எண் இல்லை.

சக்தி மட்டும் போயிருந்தால் இவ்வளவு மனம் நொந்து எழுதியிருக்க மாட்டேன். சென்ற ஜூலையில் ஒரு கிருத்திகை, நல்ல மழை. பாராபுல்லா மேம்பாலத்தில் முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். கார் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. ஆட்டோவுக்கு ஒரு முழம் இடைவெளியில் நின்றோம். பின்னால் இருந்த பாட்டி "முருகா" என்று என் தோளைப் பிடித்தது இன்னமும் நினைவில் இருக்கிறது. அதே இடத்தில், அதே போன்ற மழையில், பழைய டயரில் பலமுறை பிரேக் பிடித்திருக்கிறேன், இப்படி ஆனதில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு எச்சரிக்கையையும் வைக்கிறேன். சக்திச் சேமிப்பை மட்டும் சொல்லும் நட்சத்திரம் டயருக்குப் போதாது. குளிர்பதனப் பெட்டி மின்சாரத்தை மிச்சம் பிடித்தால் யாருக்கும் ஆபத்து இல்லை. டயர் அப்படியல்ல. நெளியாமல் உருளும் ரப்பர், ஈரத் தரையைக் கவ்விப் பிடிக்கவும் தயங்கலாம். நல்ல தயாரிப்பாளர்கள் கார்பன் கரியின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சிலிகாவைச் சேர்த்து இரண்டையும் கூடியவரை சமன்செய்கிறார்கள்; அதற்குச் செலவு கூடும். அந்தச் செலவைச் செய்தவர் யார், செய்யாதவர் யார் என்று வாங்குபவர் அறிய வேண்டுமானால் இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். மூன்றாவதாக இரைச்சல். எஞ்சின் சத்தம் இல்லாத காரில் டயரின் முழக்கம்தான் காதை நிறைக்கிறது.

இந்த எண்கள் இல்லாதவை அல்ல. 2022 ஜூனில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதிகளைத் திருத்தி, ஏஐஎஸ் 142 என்ற தரத்தின்படி உருளல் தடை, ஈரத் தரைப் பிடிப்பு, உருளும் இரைச்சல் மூன்றுக்கும் வரம்பு வகுத்தது. வரம்புக்குள் இருப்பதைக் காட்ட வேண்டுமானால் அளந்திருக்க வேண்டும். ஐரோப்பாவிலோ 2012 நவம்பர் முதல் இந்த மூன்றையும் சொல்லும் முத்திரை நடைமுறையில் இருக்கிறது. 2021 மே மாதம் அதைத் திருத்திப் புதுப்பித்தார்கள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் அரக்கோணத்திலும் டயர் வேகவைக்கும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இந்தியாவில் செய்த கார் டயர் கப்பலேறி ஐரோப்பியக் கடைக்குப் போனால் முத்திரையோடுதான் விற்க முடியும். அங்கே இருப்பவருக்குக் காட்டும் எண்ணைத் தில்லியில் இருக்கும் எனக்கும் காட்டச் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

டயர்களுக்கான நட்சத்திரத் திட்டத்தை நீங்களே தொடங்கியிருக்கிறீர்கள் என்பதை அறிவேன். தயாரிப்பாளர் விரும்பினால் சேரலாம் என்ற முறையில் அது தொடங்கியது. குளிர்சாதனங்களிலும் முதலில் அப்படித்தான் தொடங்கி, நான்கே ஆண்டுகளில் கட்டாயத்துக்கு வந்தீர்கள். அதே உறுதியைக் கார் டயரிலும் காட்டுங்கள். மூன்று எண்களும் டயர் மீது ஒட்டிய தாளில் இருக்கட்டும், விலைப்பட்டியலிலும் இருக்கட்டும். தாளைக் கிழித்துவிட்டுத்தான் வாங்குபவர் முன் கொண்டுவருகிறார்கள். ஆகவே ரசீதிலும் அச்சிட வேண்டும்.

கார் தயாரிப்பாளர்களிடமும் நீங்கள் ஒன்று கேட்க வேண்டும். ஒரு சார்ஜில் இத்தனை கிலோமீட்டர் என்று அவர்கள் விளம்பரம் செய்வது, காரோடு வந்த டயரை வைத்துச் சோதித்த கணக்கு. அந்த டயரைக் கார் நிறுவனம் தனக்கென்று சொல்லிச் செய்துவாங்குவதும் உண்டு. அதே பெயரில் கடையில் தொங்கும் டயரின் ரப்பர் வேறாக இருக்கலாம். மூல டயரின் மூன்று எண்களையும் வண்டியின் கையேட்டில் அச்சிட்டுவிட்டால், நான்காண்டு கழித்து டயர் மாற்றுபவர் எதோடு ஒப்பிடுவது என்று திகைக்க மாட்டார்.

சுமைக் குறியீட்டையும் சொல்லாமல் விட முடியாது. மின்சார கார், பேட்டரியால், அதே உருவமுள்ள பெட்ரோல் காரைவிட இருநூறு கிலோ வரை கனமாக இருக்கலாம். சிலவற்றில் இன்னும் அதிகம். என் காரின் டயர் அளவு 215/60 ஆர்16 (அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 16 அங்குலம்), அதன் பின்னால் 95எச். 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும். எச் என்பது 210 கிலோமீட்டர் வேகம் வரை என்ற குறி. என் எதிர்வீட்டு மாமாவுக்கும் அதே கார். அந்த அளவு கையிருப்பில் இல்லை என்று 205/60 ஆர்16-ஐப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அதன் குறியீடு 92, அதாவது 630 கிலோ. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 240 கிலோ தாங்கும் திறன் குறைந்துவிட்டது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளை அன்று யாராவது படித்திருந்தால் இது நடந்திருக்காது. மறுநாள் நான்தான் அவரை அழைத்துக்கொண்டு போய் மாற்ற வைத்தேன்.

அலாய் வீல் விஷயத்தில் இதைவிட மோசம். 16 அங்குலத்தை எடுத்துவிட்டு 17 அங்குலம் போட்டால் வண்டி எடுப்பாக இருக்கும் என்று என்னிடமும் சொன்னார்கள். அந்த ரிம் எத்தனை கிலோ, எவ்வளவு சுமை தாங்கும் என்று கேட்டால் பதில் வராது. ரிம் பெரிதானால் டயரின் பக்கச் சுவர் சிறுக்கிறது. மழைக்குப் பிறகு தில்லிச் சாலைகளில் தோன்றும் குழிகளில் அந்த மெலிந்த சுவர் ரிம்மைக் காப்பாற்றாது. அவர்கள் காட்டிய 225/55 ஆர்17 டயரின் விட்டம் என் டயரைவிட இரண்டு சதவீதம் பெரிது. வேகமானி குறைத்துக் காட்டும். ஓடிய தூரமும் உண்மையைவிடக் குறைவாகவே பதிவாகும். பார்வைக்கு அழகு என்பதற்காக மட்டும் மாற்ற நினைக்கும் இளைஞர்களிடம் நான் மன்றாடிக் கேட்கிறேன்: வண்டியோடு வந்த ரிம்மை விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு காட்சியும் மனத்தை உறுத்துகிறது. டயர் கழற்ற வந்த பையனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். உருட்டு ஜாக்கியை நேராகக் காரின் நடு வயிற்றுக்குக் கீழே தள்ளினான். அங்கே இருப்பது பேட்டரி. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தி, பக்கவாட்டில் ஜாக்கி வைக்க ஒதுக்கிய இடத்தைக் காட்டினேன். "யாரும் சொல்லவில்லை, அம்மா" என்றான். அவனுக்குச் சொல்லித்தருவது உங்கள் துறையின் வேலை இல்லையென்றாலும், முத்திரையோடு கடைகளுக்கு அனுப்பும் விளக்கத் தாளில் ஒரு படம் போட இடம் இருக்கும். இந்தியில் நான்கு வரி போதும்.

இந்த நகரத்தின் காற்றுக்காகத்தான் பலர் மின்சார கார் வாங்கினோம். குளிர்காலத்தில் பேரப்பிள்ளைகளை வெளியே விட முடியாத நாட்கள் வருகின்றன. எங்கள் காரில் புகை இல்லை. ஆனால் டயர் தேய்ந்து உதிரும் துகள் இருக்கிறது. வண்டி கனமானால் அதுவும் கூடும். ஐரோப்பா 2024-இல் ஏற்ற யூரோ 7 விதிகளில் டயர் தேய்மானத்துக்கும் வரம்பு கொண்டுவர வழி செய்திருக்கிறது. நம் முத்திரையில் நான்காவது எண்ணுக்கு இப்போதே இடம் ஒதுக்கி வையுங்கள். தில்லியைவிட அதற்கு உரிமையுள்ள ஊர் எது?

என் குறிப்பேட்டில் நான்கு ஆண்டுக் கணக்கு இருக்கிறது: தேதி, தூரம், யூனிட், டயரில் காற்று எவ்வளவு, வெளியே வெப்பம் எவ்வளவு என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். ஜனவரிக் காலையின் காற்றழுத்தம் வேறு, மே மாதப் பிற்பகலில் வேறு என்பதும் அதில் தெரியும். உங்களுக்குப் பயன்படும் என்றால் அடுத்த கிருத்திகையன்று கோயிலுக்கு வரும்போது சேவா பவன் வாசலில் கொண்டுவந்து தருகிறேன். இப்போதைய டயரை மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிட முடிவு செய்திருக்கிறேன். இந்த முறை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
மயூர் விகாரிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை