மலைப்பள்ளிக் குழந்தைகளுக்குப் பள்ளியிலேயே பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி வழங்கக் கோரி மனு

அனுப்புநர்:
மூன்றாம் வகுப்பு மாணவியின் தாய்,
காபித் தோட்டத் தொழிலாளி,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சேலம்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகளுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். இடது குதிகால் தரையில் படாது. முன்பாதத்தை ஊன்றி, சுவரைப் பிடித்தபடி நடப்பாள். படிப்பில் ஒரு குறையும் இல்லை. பதினாறாம் வாய்ப்பாடு வரை தடுமாறாமல் சொல்வாள்.

வளரும் குழந்தைக்கு எலும்பு நீளும். இறுகிய தசை அதற்கு ஈடுகொடுக்காது. அன்றாடம் நீட்டிவிட்டுப் பயிற்சி தராவிட்டால் மூட்டு மடங்கியே நின்றுவிடும். அந்தப் பயிற்சிக்காக 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்திற்கு இறங்குகிறோம். பாதி வழியிலேயே அவளுக்கு வாந்தி வந்துவிடும். ஒருமுறை போய்த் திரும்பினால் அவளுக்கு ஒரு நாள் பள்ளி போகிறது, எனக்கு ஒரு நாள் கூலி போகிறது. பழம் பறிக்கும் மாதங்களில் விடுப்புக் கேட்கவும் வழியில்லை.

சென்ற ஆண்டு, உட்காருதல், எழுதுதல் போன்ற அன்றாட வேலைகளைக் குழந்தை தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் பள்ளிக்கு வந்தார். பெஞ்சில் அமர்ந்தால் என் மகளின் கால்கள் அந்தரத்தில் தொங்குவதை முதலில் கவனித்தவர் அவர்தான். இரண்டு செங்கற்களின் மேல் ஒரு பலகையை வைத்து அவள் பாதங்களை ஊன்றச் செய்தார். பென்சிலில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிப் பருமனாக்கினார். எல்லாம் அரை மணி நேர வேலை. அன்று அவள் எழுதிய ‘ழ’ முதல்முறையாகக் கோட்டுக்குள் நின்றது. அந்தத் தாளின் நகலை இணைத்துள்ளேன்.

அதன்பின் அவர் வரவில்லை. பல ஊர்ப் பள்ளிகளுக்கு அவர் ஒருவரே என்றார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இதற்குள் மகள் வளர்ந்துவிட்டாள். காலைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கக் கொடுத்த ஸ்பிளிண்ட் என்னும் தாங்கி விரல்களை அழுத்துகிறது. கழிப்பறைப் படியில் கைப்பிடி இல்லாததால், அங்கே போக அஞ்சி, மாலை வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கிறாள். இதை அவளாகச் சொல்லவில்லை. நிரப்பிய பாட்டில் நிரப்பியபடியே வீடு திரும்புவதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பள்ளிக் கட்டடத்தையும் வசதிகளையும் இத்தகைய குழந்தைகள் அணுகும்படி அமைக்கச் சொல்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம், வட்டார வள மையம், மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் ‘விழுதுகள்’ சேவை மையங்கள் என அரசிடம் ஏற்பாடுகள் இருக்கின்றன. அவை மலையேறி வகுப்பறை வரை வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஏற்காடு மலைப்பள்ளிகளுக்குத் தெரபிஸ்ட்கள் வாரம் ஒரு குறிப்பிட்ட நாளில் வரும்படி ஆணையிட வேண்டுகிறேன். இடைப்பட்ட நாட்களில் செய்ய வேண்டிய பயிற்சிகளை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் அவர்கள் செய்து காட்டி, எழுதியும் கொடுக்க வேண்டும். நாற்காலி, பென்சில், ஸ்பிளிண்ட் ஆகியவற்றின் அளவைக் குழந்தை வளர வளர மாற்றித் தர வேண்டும். அந்த அளவெடுப்பு மலையிலேயே நடந்தால் பேருதவியாக இருக்கும். கழிப்பறைக்குக் கைப்பிடி மட்டும் எதற்கும் காத்திராமல் உடனே பொருத்தித் தர வேண்டுகிறேன்.

இந்த மனுவுக்காகவும் அவள் ஒரு நாள் பள்ளியை இழக்கக் கூடாது என்பதால் அவளை அழைத்து வரவில்லை. தாங்கள் நேரில் பார்க்க விரும்பினால், பள்ளியில் முதல் வரிசையில், சுவர் ஓரமாக அமர்ந்திருப்பாள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவியின் தாய்

இணைப்பு: மகள் எழுதிய தாளின் நகல்