அதே புளி, அதே பருப்பு

மந்தைவெளி,
சென்னை.

அன்புள்ள தோழிக்கு,

நலம். உன் நலத்தையும் வீட்டார் நலத்தையும் விரும்புகிறேன். உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மூட்டுவலி குறைந்து நீ மறுபடியும் மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே மெட்ரோ வேலைக்காகத் தெருக்களை அடைத்து வைத்திருக்கிறார்கள். மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குக் காய் வாங்கப் போவதற்குக்கூடச் சுற்றுவழிதான். ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை. பிஞ்சுக் கத்தரிக்காயையும் சுண்டைக்காயையும் கையால் தொட்டுப் பொறுக்கி எடுப்பதில் எனக்கு அவ்வளவு ஆசை.

உன் மகள் நாக்பூரிலேயே தனிக்குடித்தனம் வைத்ததும், நம் பக்கத்துச் சமையலை ஊர்வாரியாகக் கற்றுக்கொள்ள ஆசைப்படுவதும் கேட்டு மகிழ்ந்தேன். "அங்கே சாமான் கிடைக்காதே" என்று தயங்குகிறாள் என்றும், செட்டிநாட்டு மசாலாவுக்குக் கல்பாசியும் மராட்டி மொக்கும் வாங்கி அனுப்பச் சொன்னாள் என்றும் எழுதியிருந்தாய். அனுப்புகிறேன். ஆனால் அந்தப் பொட்டலம் வரட்டும் என்று அவள் காத்திருக்க வேண்டியதில்லை. அரிசி, துவரம்பருப்பு, புளி, தேங்காய், மிளகு, சீரகம், மிளகாய், பூண்டு எல்லாம் அவள் வீட்டில் இன்றைக்கே இருக்கும். பாளையங்கோட்டை வீட்டிலும் கோபிச்செட்டிப்பாளையத்து வீட்டிலும் காரைக்குடி வீட்டிலும் அன்றாடம் புழங்குவது இவைதாம். எதை வறுப்பது, எதைப் பச்சையாக அரைப்பது, எதை முதலில் போடுவது, எதை அடுப்பை அணைத்த பிறகு சேர்ப்பது என்பதில்தான் ஊருக்கு ஊர் ருசி பிரிகிறது. எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மாவட்டம். சென்னையில் இத்தனை காலம் இருந்ததில் எனக்குக் கிடைத்த பெரிய செல்வம் இந்த அண்டை வீட்டுச் சமையற்கட்டுகள்தாம்.

முதலில் சொதியைக் கற்றுக்கொள்ளச் சொல். முதல் மாடியில் இருக்கும் பாளையங்கோட்டை அக்காவிடம் நான் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றது அது. திருநெல்வேலிச் சைவ வேளாளர் வீடுகளில் கல்யாணம் முடிந்து நடக்கும் மறுவீட்டு விருந்துக்குச் சொதிதான் தலைமை. ஒரு பெரிய தேங்காயைத் துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்து அரைத்து, முதல் பாலைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். அதே சக்கையிலிருந்து இரண்டாம் பால், மூன்றாம் பால். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், பச்சைப் பட்டாணி எல்லாவற்றையும் வதக்கி அந்த மெல்லிய பால்களிலேயே வேகவைக்கிறார்கள். தண்ணீரில் வேகவைத்துப் பிறகு பால் ஊற்றினால் காய் ஒரு பக்கமும் குழம்பு ஒரு பக்கமுமாக நிற்கும். கால் கப் பாசிப்பருப்பை லேசாக வறுத்துக் குழைய வேகவைத்து, மசித்துச் சேர்க்க வேண்டும். இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த விழுதுதான் காரம். மிளகாய்த்தூள் இல்லை, புளி இல்லை, தக்காளி இல்லை. வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும் என்பதால் அக்கா மஞ்சள்கூடப் போடுவதில்லை.

எல்லாம் வெந்து ஒன்றாகச் சேர்ந்த பிறகு, தணலைக் குறைத்து முதல் பாலை ஊற்ற வேண்டும். ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். முதல் பாலில் கொழுப்பு அதிகம். கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரிந்து பால் திரிந்துபோகும். எலுமிச்சம்பழச் சாறு அதற்கும் பிறகு, சூடு கொஞ்சம் தணிந்தபின். உன் மகள் இந்த ஒரு குழம்பைச் சரியாக இறக்கிவிட்டால் தேங்காய்ப்பால் சேர்க்கும் எந்தச் சமையலும் அவளுக்கு வசப்பட்டுவிடும். டப்பாவில் வரும் தேங்காய்ப்பால்தான் கிடைக்கிறது என்றால் பரவாயில்லை. பாதியைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து அதில் காயை வேகவைக்கட்டும், கெட்டியான மீதியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளட்டும். கூடவே இஞ்சிப் பச்சடி கட்டாயம் இருக்க வேண்டும். தேங்காய்ப்பால் மந்தம், இஞ்சி அதை முறிக்கும் என்பது அந்த ஊர்க் கணக்கு. அதே அக்கா செய்யும் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் பற்றித் தனியாக எழுத வேண்டும். தோல் உளுந்தும் பூண்டும் வெந்தயமும் தேங்காயும் சேர்த்து வடிக்கும் அந்தச் சோற்றை, வளரும் பெண் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வாரம் ஒரு முறையாவது செய்ய வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி செட்டிநாடு. இதில் எனக்கு ஒரு பெரிய வருத்தம் உண்டு. சென்னையில் தெருவுக்குத் தெரு செட்டிநாடு என்று பலகை மாட்டிய உணவகங்கள் இருக்கின்றன. பலவற்றில் மிளகையும் மசாலாவையும் அள்ளிக் கொட்டி நாக்கை எரிய வைப்பதே அந்தச் சமையல் என்று ஆக்கிவிட்டார்கள். அந்தப் பக்கத்து வீடுகளில் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு நிதானமான சமையல் என்று. வெண்டைக்காய் மண்டியை எடுத்துக்கொள். அதற்கு அடிப்படையே அரிசி கழுவிய தண்ணீர். முதல் கழுநீரில் தூசி இருக்கும், அதைக் கொட்டிவிட்டு இரண்டாவது கழுநீரைக் கெட்டியாக எடுத்து, அதில் புளியை ஊறவைத்துக் கரைக்க வேண்டும். எண்ணெயில் கடுகு, வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, கீறிய பச்சை மிளகாய், பிறகு வெண்டைக்காய் என்று ஒவ்வொன்றாக வதக்கி, இந்தப் புளிக் கழுநீரை ஊற்றிக் கொதிக்கவிட்டால் போதும். அரிசியின் மாவுச் சத்து குழம்பைத் தானாகவே இறுக்கிவிடும். புளி வெண்டைக்காயின் கொழகொழப்பை அடக்கிவிடும். அரைக்க வேண்டியது, பொடிக்க வேண்டியது ஒன்றுமில்லை. நாம் தினமும் தொட்டியில் கொட்டும் தண்ணீரை ஒரு குழம்பாக்கிய அந்தப் பெண்களை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

அப்புறம், கல்பாசிக்கு நீ சென்னையை எதிர்பார்க்கவே வேண்டாம். உங்கள் ஊர் மளிகைக் கடையில் 'தகட் பூல்' என்று கேட்கச் சொல். மராத்தியர்கள் கோடா மசாலாவில் சேர்ப்பதும் நம் செட்டிநாட்டுக் கல்பாசியும் ஒன்றேதான். பெயர்தான் பாசி, உண்மையில் பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து பாறையிலும் மரப்பட்டையிலும் படர்வது அது. வெறுமனே முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. சூடான எண்ணெயில் விழுந்த பிறகுதான் அதன் மணம் எழும். ஒரு சிட்டிகைக்கு மேல் போட வேண்டாம்.

எதிர் வீட்டுப் பெண் கோபிச்செட்டிப்பாளையம். காலையில் வேலைக்குப் போகிறவள். அவள் மாலையில் வந்து ஒரே பாத்திரத்தில் வைக்கும் அரிசிம்பருப்புச் சாதம்தான் உன் மகளுக்கு அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன். ஒரு பங்கு அரிசிக்குக் கால் பங்கு துவரம்பருப்பு, இரண்டையும் சேர்த்தே ஊறவைக்க வேண்டும். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள்தூள் சேர்த்து, தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் அரிசியையும் பருப்பையும் போட்டுவிடலாம். சாம்பார்ப் பொடியை இதற்குள் விடவே கூடாது. விட்டால் அது சாம்பார் சாதத்தின் தம்பியாகிவிடும். மேலே நெய், பக்கத்தில் சுட்ட அப்பளம், கடைசியில் தயிர். துவரை விளையும் விதர்ப்பாவில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்யாமல் இருக்கலாமா! சின்ன வெங்காயம் உங்கள் பக்கம் அரிது என்று எழுதியிருந்தாய். மற்ற எல்லாவற்றுக்கும் பெரிய வெங்காயம் போகட்டும், இதற்கு மட்டும் எங்கே தேடியாவது சின்ன வெங்காயம் வாங்கச் சொல். அந்த இனிப்பு இல்லாவிட்டால் சாதம் ஊமையாகிவிடும்.

உங்கள் ஊர் மே மாத வெயிலுக்கு அதே வீட்டின் பச்சைப்புளி ரசமும் ஏற்றது. அடுப்பே வேண்டாம். மிளகாயை மட்டும் நெருப்பில் காட்டிச் சுட்டு, வெங்காயம், சீரகம், கொத்தமல்லி, உப்புச் சேர்த்துக் கையால் நன்றாகப் பிசைந்து, புளித்தண்ணீரில் கலந்து, துளி வெல்லம் போட்டால் முடிந்தது. இங்கே கத்திரி வெயிலில் எங்கள் வீட்டில் இதைக் குடித்தே முடித்துவிடுகிறார்கள்.

புளி என்றதும் நினைவுக்கு வருகிறது, உன் மகளுக்கு இதைக் கட்டாயம் சொல். உருளைக்கிழங்கும் கத்தரிக்காயும் புளித்தண்ணீரில் சீக்கிரம் வேகாது. புளிப்பு காயை இளகவிடாது, பருப்பையும் குழையவிடாது. அதனால் சாம்பாரில் காய் முக்கால் வேக்காடு வந்த பிறகுதான் புளி. அதையே திருப்பியும் பயன்படுத்தலாம். காய் உடையாமல் முழுதாக நிற்க வேண்டிய எண்ணெய்க் கத்தரிக்காய் மாதிரி குழம்புகளில் புளியைச் சற்று முன்னாலேயே ஊற்றலாம்.

மீன் பற்றிக் கேட்டிருந்தாய். பட்டினப்பாக்கம் லூப் சாலையோரம் இருந்த மீன் கடைகள் 2024-இல் நொச்சிக்குப்பம் அருகே கட்டிய புதிய அங்காடிக்குள் போய்விட்டன. நான் வழக்கமாக வாங்கும் மீன்கார அம்மா இப்போது அங்கேதான் உட்காருகிறார். சென்னைக்கென்று சமையல் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும். இந்தக் குப்பங்களின் மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்புக்கு வேறு எந்த ஊர் உரிமை கொண்டாட முடியும்? சைதாப்பேட்டை வடகறி யாருடையது? அந்த அம்மா சொன்ன பக்குவம் இது: புளிக் குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் மேலே மிதந்த பிறகு மாங்காய், மாங்காய் வெந்த பிறகு மீன். மீன் போட்டபின் கரண்டியை உள்ளே விடக்கூடாது, சட்டியைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். மாங்காயின் புளிப்பைப் பார்த்துப் புளியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது பெரிய மீன் வரத்துக் குறைந்து விலை ஏறிவிடும். அந்த 61 நாளும் எங்கள் வீட்டில் கருவாடும் கத்தரிக்காயும்தான். நாக்பூரில் கடல் மீன் நம்பி வாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆற்று மீனிலும் இதே பக்குவம் செல்லும், மாங்காய் மட்டும் புளிப்பாக இருக்கட்டும்.

நீ எழுதி அனுப்பிய உங்கள் ஊர் மராத்தியப் பண்டம் ஜுண்காவைச் செய்தேன். கடலைமாவை வெங்காயத் தாளிப்பில் தூவிக் கிளறிக் கெட்டியாக எடுப்பது எனக்குப் புதிது. நாம் பூரிக்குச் செய்வோமே, பாம்பே சட்னி, அதுவும் இதே கடலைமாவு, இதே கடுகு, பச்சை மிளகாய், வெங்காயம்தான். நாம் மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறோம். சோள ரொட்டி எனக்கு வட்டமாக வரவில்லை என்றாலும் இவர் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாவைப் பிசையும்போது தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று உன் பக்கத்து வீட்டு அம்மாளிடம் கேட்டு எழுது.

மராட்டி மொக்கோடு சேர்த்து வெங்காய வடகமும் வைத்து அனுப்புகிறேன். சித்திரையில் மொட்டை மாடியில் நானும் கும்பகோணத்து மாமியும் சேர்ந்து போட்டது. சின்ன வெங்காயம், பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் இடித்துக் கலந்து, நாள்தோறும் வெயிலில் காயவைத்து, மாலையில் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, நன்றாகச் சுக்காகும்வரை காய்ந்தது. ஒரு சின்ன உருண்டையை உதிர்த்துச் சூடான எண்ணெயில் தாளித்து, கீரை மசியலிலோ வற்றல் குழம்பிலோ கொட்டினால் போதும். ஈரக் கை படாமல் பார்த்துக்கொண்டால் அடுத்த சித்திரை வரை கெடாது. பாதியை நீ வைத்துக்கொள், பாதியை மகளுக்குக் கொடு. விலாசம் பழையதுதானா, அல்லது குவார்ட்டர்ஸ் மாறிவிட்டீர்களா என்று உடனே ஒரு வரி எழுதிவிடு. திங்கட்கிழமை தபால் நிலையம் போகலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி