ஓர் ஆவர்த்தனம் தள்ளி

ஸ்ரீரங்கம்,
ஜனவரி 9

அன்புள்ள சேது,

இங்கே நான் மிருதங்கமும் டொராண்டோவில் நீ வயலினுமாக இணையத்தில் சேர்ந்து வாசிப்பதைப் பற்றிய உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உடனே எழுதியிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லி முடித்திருப்பேன். "உனக்குக் கச்சேரி, எனக்குச் சாதகம்" என்று நீ எழுதிய வரிக்குச் சமாதானம் போதாது என்று தோன்றியதால்தான் இத்தனை நாள் தாமதம்.

முதலில் வீட்டுச் செய்தி. மரகதத்துக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்துவிட்டது. மார்கழி என்பதால் விடிவதற்குள் எழுந்து கோவிலுக்குப் போய்விடுகிறாள், தடுத்தால் கேட்பதில்லை. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தால் எழுவதற்கு ஆள் வேண்டும். உன் பேத்தி வில் பிடிக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்தபோது மனம் நிறைந்தது. அங்கே குளிரில் வயலின் பிருடை நழுவுகிறது என்றாயே, சுண்ணக்கட்டி தேய்த்துப் பார்த்தாயா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசியில் அனுப்பிய ஒலிப்பதிவை எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. கரகரப்பிரியா கீர்த்தனையில் நீ அனுபல்லவிக்கு ஏறும் இடத்தில் என் மிருதங்கச் சாப்பு உன் வில்லோடு சேர்ந்தே விழுகிறது. கேட்டவர்கள் நாம் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து வாசித்ததாகத்தான் நினைத்தார்கள். அந்த ஒட்டுதல் இந்தப் பக்கத்தில் மட்டும்தான் நடந்தது என்பதை உன் கடிதத்துக்குப் பிறகுதான் முழுதாக உணர்ந்தேன். நீ என் ஒலியை அடைத்துவிட்டு, காலால் தாளம் போட்டபடி தனியாக வாசித்திருக்கிறாய். நான் உன்னைக் கேட்டேன். நீ என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாசித்திருக்கவே முடியாது.

ஏன் முடியாது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். திருச்சிக்கும் டொராண்டோவுக்கும் நேர்க்கோட்டில் அளந்தாலே 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் ஓடும். ஆகவே எத்தனை விலை கொடுத்து எந்த இணைப்பு வாங்கினாலும், ஒரு பக்கம் போகவே 65 மில்லிவிநாடிக்குக் குறையாது. உண்மையில் கம்பி நேராகவும் போவதில்லை. நாம் அளந்தபோது போய்வர 240 மில்லிவிநாடி வந்தது நினைவிருக்கிறதா? அதைத் தாளத்தில் வைத்துப் பார். ஆதி தாளத்தில் அக்ஷரத்துக்கு, அதாவது ஓர் அடிக்கு, ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், அதை நாலாகப் பிரிக்கும் சதுஸ்ர நடையில் ஒரு மாத்திரை 250 மில்லிவிநாடி. உன் சமத்தை, சுற்றின் முதல் அடியை, கேட்டு நான் சமத்தில் அடித்தாலும், அந்த அடி உன் காதில் கால் அக்ஷரம் தள்ளித்தான் விழும். நீ அதற்காகச் சற்றுப் பொறுத்தால் நான் அதைக் கேட்டு இன்னும் பொறுப்பேன். தாளம் இரண்டு சுற்று வருவதற்குள், அதாவது இரண்டு ஆவர்த்தனத்துக்குள், காலப்பிரமாணம் படுத்து வேகம் இறங்கிவிடும்.

இது நம் இருவருக்கு மட்டும் நேர்வது அல்ல. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் என்பவரின் குழு இருவர் இருவராகத் தனி அறைகளில் உட்காரவைத்துக் கைதட்டச் சொல்லி, நடுவில் தாமதத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்திருக்கிறது. தாமதம் கூடக் கூட வேகம் இறங்கியது. எனக்கு வியப்பாக இருந்தது மறுபக்கம்: தாமதம் அறவே இல்லாத அளவுக்குக் குறைந்தால் வேகம் ஏறிக்கொண்டே போனதாம். ஒரே மேடையில் சற்றுத் தள்ளி உட்காரும் தூரம் இருக்கிறதே, 3 அல்லது 4 மீட்டர், ஒலி அதைக் கடக்க எடுக்கும் 10 மில்லிவிநாடியை ஒட்டித்தான் தாளம் நிலையாக நின்றிருக்கிறது. கச்சேரி மேடையின் அளவு தானாகவா அமைந்தது என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நமக்கு ஒரு பக்கம் போக 120 மில்லிவிநாடி என்றால், அந்தக் கணக்கின்படி நாம் இருவரும் 40 மீட்டர் இடைவெளியில் உட்கார்ந்து வாசிக்கிறோம். திருவையாற்றில் ஆராதனைப் பந்தலின் கோடியில் உட்கார்ந்து கோஷ்டியில் பாடிய வருடம் உனக்கு நினைவிருக்கும். முன்வரிசையோடு ஒட்டவே இல்லை. "காதை விடு, கையைப் பார்" என்று உன் தோளில் தட்டினார் நம் வாத்தியார். தாளம் போடும் கையைப் பார்த்துப் பாடியதும் சரியாகிவிட்டது. பந்தலில் ஒலிதான் தாமதித்தது, கண்ணுக்குத் தாமதம் இல்லை. இணையத்தில் அந்த உதவியும் கிடையாது. படம் ஒலியைவிடப் பிந்தி வருகிறது. உன் வில்லைப் பார்த்து நான் வாசித்தால் கெட்டது.

நம் முதல் முயற்சியை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. பேசுவதற்கென்று செய்த அந்தக் காணொளிச் செயலி தம்புராவை மின்விசிறி இரைச்சல் என்று எண்ணி விழுங்கிவிட்டது. இருவரும் சேர்ந்து வாசித்தால் ஒருவரை அமுக்கியது. பக்கவாத்தியம் என்ற ஒன்றே அதற்குத் தெரியாது. அந்தச் சுத்திகரிப்பை எல்லாம் அணைத்துவைக்க வழி இருக்கிறது என்று நமக்குச் சொல்ல யாரும் இல்லை. 2020 மார்கழியில் சென்னை மியூசிக் அகாடமியே கச்சேரிகளை இணையத்தில் நடத்திய காலத்தில், வீட்டுக்குள் அடைபட்ட எத்தனை வித்வான்கள் இதே அவஸ்தையைப் பட்டிருப்பார்கள்!

இப்போது ஒரு நல்ல செய்தி. சிங்கப்பூரில் இருக்கும் என் மாணவனோடு மூன்று மாதமாக நேராகவே வாசித்துவருகிறேன். ஜமுலஸ் என்று ஒரு மென்பொருள், ஜெர்மானியரான ஃபோல்கர் ஃபிஷர் எழுதி எல்லோருக்கும் இலவசமாக விட்டது. சென்னைக் கரையிலிருந்து சிங்கப்பூருக்கு நேராகவே கடலடிக் கம்பி போகிறது. தூரம் 3,000 கிலோமீட்டர் அளவுதான். மெதுவான சௌக்க காலத்தில், சீராக ஓடும் சர்வலகு நன்றாக ஒட்டுகிறது. துரிதத்துக்குப் போனால் சிதறுகிறது. முதல் வாரம் சௌக்கமும் ஒட்டவில்லை. தேடிப் பார்த்தால் பையன் ப்ளூடூத் ஹெட்ஃபோன் போட்டிருந்தான். நடுவில் இருக்கும் கடலைவிட அவன் கணினிக்கும் காதுக்கும் இடையே இருந்த ஒரு முழத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. கம்பி போட்டதை மாட்டியதும் தீர்ந்தது.

அவனோடுதான் இன்னொன்றையும் செய்து பார்த்தேன். உனக்கு எழுத வேண்டும் என்று துடித்தது இதற்காகத்தான். நிஞ்ஜாம் என்று 2005இல் வந்த மென்பொருள். தாமதத்தைக் குறைக்க அது முயல்வதே இல்லை. தாமதத்தை ஒரு முழுச் சுற்றாக நீட்டிவிடுகிறது. சுற்றை 8 அக்ஷரம் என்று வைத்தால் அது ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம். நீ ஓர் ஆவர்த்தனம் ஸ்வரம் வாசிக்கிறாய். அது அடுத்த ஆவர்த்தனத்தின் சமத்தில் என் காதில் தொடங்குகிறது. அதைக் கேட்டு அதன் மேலேயே நான் வாசிக்கிறேன். நான் வாசித்தது அதற்கடுத்த ஆவர்த்தனத்தின் சமத்தில் உன்னிடம் வந்து சேர்கிறது. இருவர் காதிலும் சமம் சமமாகவே விழும். தூரம் எத்தனை ஆனாலும் கவலை இல்லை.

பையனும் நானும், மாறி மாறி வாசித்து அளவைக் குறைத்துக்கொண்டே வரும் குறைப்பு வாசித்தோம். எட்டு, நான்கு, இரண்டு என்று வந்தபோது, போன ஆவர்த்தனத்தில் அவன் கேட்ட கேள்விக்கு இந்த ஆவர்த்தனத்தில் நான் பதில் சொல்வது சில நிமிடங்களில் பழகிவிட்டது. ஆவர்த்தனமாகச் சுற்றும் தாளத்தில் வளர்ந்த நமக்கு இது அந்நியமாகவே இல்லை, சேது. சுற்றி வந்து அதே சமத்தில் சந்திப்பதைத்தானே வாழ்நாள் முழுவதும் செய்துவந்திருக்கிறோம்.

குறைகளும் உண்டு. முடிவில் வரும் கோர்வையை முன்கூட்டிப் பேசிவைக்காவிட்டால் சேர்ந்து முடிக்க முடியாது. நீ ஒரு சஞ்சாரத்தில் நின்றால் அந்த நொடியில் மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் ஒரு கும்காரம் கொடுத்து உன்னை மேலே தள்ள என்னால் முடியாது. கும்பகோணத்தில் அந்தக் கல்யாணக் கச்சேரியில் நிரவலை நீ முடிக்கப்போகிறாய் என்று எல்லோரும் நினைத்தபோது, என் ஒரு மீட்டைக் கேட்டு இன்னும் இரண்டு ஆவர்த்தனம் போனாயே, அது இதில் நடக்காது. நீ இழந்தது அதைத்தான் என்று உன் கடிதத்தில் புரிந்துகொண்டேன். எனக்கு அந்த இழப்பு தெரியாமல் போனதற்குக் காரணம், நான் உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே இந்த முறை மாற்றிச் செய்வோம். கீர்த்தனைக்கு நான் முன்னே போகிறேன். உன் ஒலியை அடைத்துவிட்டு, உன் பாடாந்தரத்தை, நீ வாசிக்கும் விதத்தை, மனத்தில் பாடிக்கொண்டு நான் தனியாக வாசிக்கிறேன். சங்கதிகள் எனக்குத் தெரியும். நீ கேட்டு வாசி. ஒலிப்பதிவு உன் பக்கம் நடக்கட்டும். உன் வீட்டில் ஒரு மிருதங்கம் சரியான இடத்தில் விழுவதை நீ கேட்டு எத்தனை நாள் ஆயிற்று! ஸ்வரத்துக்கு மட்டும் நிஞ்ஜாமுக்கு மாறிக்கொள்வோம். ஆலாபனைக்கு நான் வேண்டியதில்லை, நீ வாசி, நான் கேட்கிறேன்.

தம்புராவை இணையத்தில் அனுப்ப வேண்டாம். உன்னுடையது அங்கே, என்னுடையது இங்கே, இரண்டும் ஒரே சுருதியில், இரண்டு கட்டையில், இருக்கட்டும். வைஃபையை விட்டுக் கம்பியிலேயே இணைத்துக்கொள், உன் மகனைக் கேட்டால் செய்துகொடுப்பான். வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை மாலை ஆறரை, உனக்குக் காலை எட்டு. மிருதங்கத்தின் வலந்தலை புதிதாக மூட்டக் கொடுத்திருக்கிறேன், அதற்குள் வந்துவிடும்.

அன்புடன்,
ராமு